மாரிக்குள் வீட்டு வேலை: நிறுத்த வேண்டாம், வரிசையை மாற்றுங்கள்

கேள்வி: "திருகோணமலைப் பக்கம் ஊரில் அம்மாவின் பழைய ஓட்டு வீட்டைத் திருத்தத் தொடங்கினோம். பின்பக்கம் சின்னதாக ஒரு குசினியும் கட்டுகிறோம். மழை விட்டபாடில்லை. வேலையை நிறுத்திவிட்டுப் பங்குனிக்குப் பிறகு தொடங்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?"

நிறுத்தாதீர்கள். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் என்னால் பேசாமல் போக முடியவில்லை. எங்கள் தம்பலகாமத்து வீட்டில் இதே வேலையை, இதே மழைக்குள், நான் நின்று செய்வித்தேன். ஊரே நிறுத்தச் சொன்னது.

நீங்கள் சொல்லாவிட்டாலும் உங்கள் நிலைமை எனக்குப் பிடிபடுகிறது. நீங்கள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கிறீர்கள். அம்மா ஊரில் இருக்கிறார். காசு இப்போதுதான் சேர்ந்தது. வேலையைத் தொடங்கிய மேசன் மழையைச் சாட்டி இரண்டு நாள் வந்து நாலு நாள் வராமல் இருக்கிறார். மாமாவோ சித்தப்பாவோ தொலைபேசியில் "பங்குனிக்குப் பார்ப்பம்" என்கிறார். சரிதானே?

பங்குனி வரை பொறுப்பதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. முதலாவது, கை வைத்த வீடு கை வைக்காத வீடு மாதிரி இல்லை. ஓடு கழற்றிய இடம், பூச்சு உடைத்த சுவர், வெட்டிய கிடங்கு எல்லாம் மூன்று மாதம் மழையைக் குடிக்கும். இரண்டாவது, நம் பக்கம் பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் வருகிறது. அந்த நேரம் கூலியாள் எல்லாம் வயலில். மழைக்குப் பொறுத்திருந்த வீட்டுக்காரர் எல்லாரும் ஒரேயடியாக மேசனைத் தேடுவார்கள். பிறகு சித்திரை வருடப்பிறப்பு என்று ஆட்கள் ஊருக்குப் போவார்கள். பங்குனி என்பது சும்மா சொல்வது, வேலை உண்மையில் தொடங்க வைகாசியாகும்.

எங்கள் வீட்டில் 2010 கார்த்திகையில் கூரையைத் தாங்குகிற நடு வளை மரம் முறிந்தது. 1990 இடப்பெயர்வில் பூட்டிவிட்டுப் போய், திரும்பி வந்து, ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு இருந்த வீடு. வளையைக் கறையான் உள்ளுக்குள் தின்றிருந்தது. அம்மா அந்த அறைக்குள்தான் படுப்பார். பொறுக்க வழியே இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், மார்கழி விடுமுறை வந்தது, நின்றேன்.

மாமா வந்து முற்றத்தில் நின்று சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "மழைக்குள்ள ஆர் பிள்ளை வீட்டில கை வைக்கிறது? ஆம்பிளை இல்லாத வீடெண்டு மேசன்மார் ஏமாத்தப் போறாங்கள்." ஏமாற்றவும் பார்த்தார்கள். முதலில் பேசிய மேசன் முற்பணம் வாங்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். இரண்டாவதாக வந்தவர் நல்ல மனிதர். ஆனால் அவரும் தொடக்கத்தில் என்னிடம் கேட்க வேண்டியதை என் தம்பியிடம்தான் கேட்டார். தம்பிக்கு அப்போது உயர்தரப் பரீட்சைக் கவலை.

எங்களைக் காப்பாற்றியது கூரை மரவேலை செய்கிற வயதான ஓடாவியார் ஒருவர். அவர் சொன்னது ஒன்றுதான்: "பிள்ளை, மழைக்குள்ள செய்யக்கூடாத வேலை இருக்கு, மழைக்குள்ளதான் செய்யவேண்டிய வேலையும் இருக்கு. ரெண்டையும் கலக்கக்கூடாது." அதைப் பிடித்துக்கொண்டுதான் முழு வேலையும் நடந்தது.

முதல் வேலை தண்ணீருக்கு வழி விடுவது. மழை பெய்யும்போது குடையோடு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, தாவாரத் தண்ணீர் எங்கே விழுந்து தெறிக்கிறது, எந்த மூலையில் சுவரடி கரைகிறது என்பது கோடையில் எவ்வளவு கெட்டிக்காரன் வந்து பார்த்தாலும் தெரியாது. எங்கள் வீட்டில் குசினிப் பக்கம் மண் உயர்ந்து, திண்ணை மட்டத்துக்கே வந்திருந்தது. அதை வெட்டி இழுத்து, வீட்டைச் சுற்றி ஆழமில்லாத வாய்க்கால் போட்டு, காணியின் பள்ளத்துக்குத் திருப்பினோம். மண்வெட்டி வேலை மட்டும்தான், சீமெந்து ஒரு மூடைகூடச் செலவாகவில்லை.

அடுத்தது கூரை. முழுக் கூரையையும் ஒரே நாளில் கழற்ற விடாதீர்கள். ஓடாவியார் ஒரு அறை அகலத்துக்குத்தான் ஓடு இறக்கினார். அந்தப் பகுதிக்குச் சரிவாக நிற்கும் கைமரமும் அதன் மேல் ஓடு தாங்கும் சிலாகையும் மாற்றி, ஓடு ஏற்றி முடித்த பிறகுதான் அடுத்த பகுதி. இடையில் மழை வந்தால் முகட்டுக்கு மேலால் தறப்பாள் போட்டு இரண்டு பக்கமும் கட்டிவிடுவோம். அகதி முகாமில் தந்த தறப்பாள்கள் அம்மா மடித்து வைத்திருந்தார், அதுவும் பயன்பட்டது. பழைய ஓடுகளை எறியச் சொன்னவர்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பாசி உரஞ்சி, விரலால் தட்டிப் பார்த்தோம். நல்ல ஓடு கணீரென்று கேட்கும், வெடித்தது மொத்தென்று கேட்கும். பெரும்பாலானவை நல்லவை. போதாத அளவுக்கு மட்டும் புதிது வாங்கினோம்.

கூரைச் சரிவில் விட்டுக்கொடுக்காதீர்கள். மரம் மிச்சம் பிடிக்கச் சிலர் கூரையைப் படுக்க வைத்துவிடுவார்கள். நம் ஊரில் மாரி மழை நேராக விழுவதில்லை, வாடைக் காற்றோடு வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். படுத்த கூரையில் அந்தத் தண்ணீர் ஓட்டுக்கடியால் மேல்நோக்கி ஏறி உள்ளே சொட்டும். அந்தப் பக்கத்துத் தாவாரத்தை நாங்கள் மூன்றடி வரை நீட்டினோம். பார்க்க அழகில்லை என்று ஒரு சொந்தக்காரர் சொன்னார். அழகைவிட அந்தச் சுவர் காய்ந்து நிற்பதுதான் எனக்குப் பெரிது.

கூரை மூடியது நல்லதாகப் போயிற்று. 2011 தை மாதம் கிழக்கு மாகாணம் முழுக்க வெள்ளம் வந்தது நினைவிருக்கும். மாசித் தொடக்கத்தில் திரும்பவும் வந்தது. கந்தளாய்க் குளத்துக்குக் கீழே இருக்கிற எங்களுக்குக் குளத்தில் தண்ணீர் ஏறுகிறது என்ற பேச்சே வயிற்றைக் கலக்கும். 1986 ஏப்ரல் 20 அந்தக் குளக்கட்டு உடைந்ததை எங்கள் வீட்டில் ஒருவரும் மறக்கவில்லை. அந்தத் தை மாதம் வயல் எல்லாம் தண்ணீர். முற்றத்திலும் ஏறியது. ஆனால் வீட்டுக்குள் கூரையால் ஒரு சொட்டு விழவில்லை, சுவரடியில் தண்ணீர் நிற்கவும் இல்லை. பங்குனிக்குப் பொறுத்திருந்தால் அம்மா முறிந்த வளைக்குக் கீழே அந்த வெள்ளத்தைப் பார்த்திருப்பார்.

புதுக் குசினிக்கு அத்திவாரக் கிடங்கு வெட்டினால் மழைக்காலத்தில் ஊற்றுத் தண்ணீர் வந்துவிடும். அதற்குள் அப்படியே கொங்கிறீட்டைக் கொட்டச் சம்மதிக்காதீர்கள். தண்ணீரை இறைத்து, அடியில் கூழான சேற்றைச் சுரண்டி எடுத்து, கெட்டி மண் தெரிந்த பிறகுதான் போட வேண்டும். மணல் நனைந்திருக்கும், ஆகவே கலவைக்கு வழக்கமாக ஊற்றும் வாளிக் கணக்கில் தண்ணீர் ஊற்றினால் கஞ்சியாகிப் பலம் போய்விடும். போட்ட கொங்கிறீட்டுக்கு முதல் சில மணித்தியாலம்தான் மழை எதிரி, சீமெந்தைக் கழுவிக்கொண்டு போகும். தறப்பாளால் மூடுங்கள். இறுகிய பிறகு பெய்கிற மழை நல்லது. ஏழு நாளாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறார்களே, அந்த வேலையை மழையே செய்து தரும்.

சீமெந்து மூடைகளை நிலத்தில் வைக்க வேண்டாம். பலகைக்கு மேல், சுவரில் முட்டாமல், பொலித்தீனால் சுற்றி வையுங்கள். ஒரேயடியாக வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். சீமெந்துக் கல்லையும் மூடி வையுங்கள். ஊறிய கல்லைக் கட்டினால், காயும்போது அது சுருங்கிச் சுவரில் மயிர்க்கோடாக வெடிப்பு வரும். ஒரு நாளில் நாலடிக்கு மேல் சுவர் எழுப்பவும் விடாதீர்கள், மாலையில் சுவர் உச்சியை மூடிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

பழைய சுவரைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்கிறேன், இதில்தான் எல்லாரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். எங்கள் சுவர் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. யாரோ முன்பு அடியில் இடுப்பளவுக்குத் தனிச் சீமெந்தால் பூசியிருந்தார்கள், ஈரம் வராமல் இருக்க. ஆனால் ஈரம் நிலத்திலிருந்துதான் ஏறுகிறது. சீமெந்து வெளியே விடாததால் அது சுவருக்குள்ளேயே மேலே ஏறி, பூச்சுக்கு மேல் உப்பாகப் பூத்திருந்தது. அந்தச் சீமெந்தை உடைத்து எடுத்து, சுவரை வெறுமையாக விட்டோம். பல மாதம் அப்படியே. பிறகு சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற கலவையால் பூசினோம். நான் பொறியியலாளர் இல்லை, இதைப் படிக்கிற பொறியியலாளர்கள் திருத்தினால் கேட்பேன். ஆனால் அந்தச் சுவர் அதற்குப் பிறகு உப்புப் பூக்கவில்லை. புதுச் சீமெந்துக் கல் வீட்டுக்கு இது தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளிப்பூச்சும் பெயின்றும் மழைக்குள் செய்யவே கூடாத வேலை. பொங்கலுக்கு முன் வெள்ளையடித்து முடிக்க வேண்டும் என்று எங்கள் வீட்டிலும் நெருக்கினார்கள். நான் சம்மதிக்கவில்லை. கச்சான் காற்று தொடங்கட்டும் என்றேன். வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து வருகிற அந்த வறண்ட காற்றைப் போலச் சுவர் காய வைக்க வேறொன்றும் இல்லை. காய்ந்ததா என்று பார்க்க, ஒரு துண்டுப் பொலித்தீனைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் உள்ளே வேர்த்திருந்தால் இன்னும் ஈரம். கதவும் அப்படித்தான். மாரியில் ஊதிய கதவைச் சீவி இறுக்கினால் கச்சானில் விரல் நுழையும் இடைவெளி வரும்.

இதை எல்லாருக்கும் சொல்லவில்லை. மலைநாட்டில் சரிவில் கட்டுகிறவருக்கு மழை என்றால் மண்சரிவு, அங்கே நிறுத்தத்தான் வேண்டும். மகாவலி ஏறுகிற மூதூர், வெருகல் பக்கத்துப் பள்ளக் காணியில் புதிதாக அத்திவாரம் வெட்டுகிறவரும் பொறுக்கத்தான் வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் ஒருவரையும் கூரையில் ஏற்றக்கூடாது. 2020 மார்கழியில் புரெவிப் புயல் நம் கரையில் ஏறியபோது கட்டாமல் விட்ட தகரம் எப்படிப் பறக்கும் என்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும், மனதில் கிடந்து அரிக்கிறது. எங்கள் வீட்டுக் காணி அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. அம்மா பின்னுரித்தாளர் பெயர், அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று, எழுதாமல் கண்ணை மூடிவிட்டார். காசு நான் போட்டது, நின்று கட்டுவித்தது நான், அம்மாவைக் கடைசி வரை பார்த்ததும் நான். ஆனால் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வாரிசு வரிசை மகன்மாரைத்தான் முன்னுக்கு வைத்திருந்தது. அண்ணா வெளிநாட்டில், நல்லவர், எனக்கே தருவதாகச் சொன்னார். அவர் நல்லவராக இருந்தபடியால் எனக்குக் கிடைத்தது என்பதுதான் என் ஆத்திரம். அண்ணன் நல்லவராக இல்லாத வீட்டில் ஒரு தங்கை என்ன செய்திருப்பாள்? 2022இல்தான் அந்த ஆண் பெண் வேறுபாட்டை எடுத்தார்கள். நம் கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்கு என்று பெருமை பேசுகிறோம், பத்திரத்தில் அவள் பெயர் இருக்கிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. உங்கள் அம்மாவின் காணியும் அனுமதிப்பத்திரக் காணி என்றால், சீமெந்து வாங்க முன்னர் அவரைப் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போய்ப் பின்னுரித்தாளர் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். இன்றைக்கே அம்மாவிடம் சொல்லி, மழை பெய்யும் நேரத்தில் வீட்டின் நாலு பக்கமும் கைபேசியில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், வடகிழக்குப் பக்கத்தை இரண்டு தரம். அதை மேசனுக்கு முதல் ஓடாவிக்குக் காட்டுங்கள். அறுவடை தொடங்க முன்னர் அவரைப் பிடித்து, கூரைக்கு மட்டும் தனியாக விலை பேசுங்கள். ஓடு ஏற்றி முடியும்வரை மேசனுக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.