'ட்வெல்வ் ஆங்க்ரி மென்' எங்களுக்குப் பாடமாக வந்திருக்கிறது. அதைப் புரிந்து படிக்க எந்தெந்தக் கோர்ட் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?

செஷன்ஸ் கோர்ட்டில் கொலை வழக்குகள் நடத்துகிற வக்கீல் நான். ரெஜினால்ட் ரோஸ் 1954-இல் தொலைக்காட்சிக்காக எழுதிய இந்தக் கதையும், 1957-இல் சிட்னி லூமெட் எடுத்த படமும் எனக்கு மிகவும் பிடித்தவை. அப்பாவைக் கத்தியால் குத்திக் கொன்றதாக ஒரு பையன் மேல் வழக்கு. குற்றவாளி என்று முடிவானால் மரண தண்டனை. அதை முடிவு செய்யப் பன்னிரண்டு பேர் ஓர் அறைக்குள் போகிறார்கள். சொற்களை அகர வரிசையில் மனப்பாடம் செய்யாதீர்கள். கதைக்கு எது முதலில் வேண்டுமோ அதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஜூரி, அதாவது அந்தப் பன்னிரண்டு பேர் குழு. அதில் ஒருவர் 'ஜூரர்'. நம் ஊரில் சாட்சியை நம்பலாமா என்று பார்ப்பவரும், சட்டம் என்ன என்று சொல்பவரும், தண்டனை கொடுப்பவரும் ஒரே நீதிபதிதான். கதை நடக்கும் அமெரிக்காவில் வேலை பிரிந்திருக்கிறது. சட்டத்தை நீதிபதி சொல்வார். நடந்தது என்ன என்பதை ஜூரி முடிவு செய்யும். ஜூரியில் இருப்பவர்கள் சட்டம் படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. பங்கு வியாபாரி, பெயின்டர், கடிகாரம் செய்பவர் என்று சாதாரண ஆட்கள். முடிவுக்குக் காரணம் எழுதித் தர வேண்டிய கட்டாயமும் கிடையாது. ஜூரி சொல்லும் முடிவு 'வெர்டிக்ட்', நீதிபதி விதிக்கும் தண்டனை 'சென்டன்ஸ்'. கதவைச் சாத்திக்கொண்டு ஜூரி விவாதிப்பது 'டெலிபரேஷன்'. நாடகம் முழுக்க அதுதான். கூட்டத்தை நடத்தும் முதலாம் ஜூரர் 'ஃபோர்மேன்'.

இனி சொல்லப்போவதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டும். 'ரீசனபிள் டவுட்', நியாயமான சந்தேகம். நம் தீர்ப்புகளில் 'சந்தேகத்திற்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை' என்று வருமே, அந்தச் சந்தேகம்தான். மனதில் தோன்றும் எல்லாச் சந்தேகமும் இதில் சேராது. யாரோ மாயமாக வந்து குத்தியிருக்கலாம் என்பது வெறும் கற்பனை. சாட்சியத்தை எடுத்து வைத்துப் பார்க்கும்போது, நிதானமான ஒருவருக்கு 'இது இடிக்கிறதே' என்று காரணத்தோடு தோன்றினால் அது நியாயமான சந்தேகம். அப்படி ஒன்று மிஞ்சினால் தண்டிக்கக் கூடாது.

அதோடு ஒட்டிப் பிறந்தது 'நாட் கில்ட்டி'. இதை 'நிரபராதி' என்று எழுதினால் நாடகமே கை நழுவிவிடும். முதல் ஓட்டில் தனி ஆளாக 'நாட் கில்ட்டி' என்று சொல்லும் எட்டாவது ஜூரர், எந்த இடத்திலும் பையன் கொலை செய்யவில்லை என்று அடித்துச் சொல்வதில்லை. எனக்குத் தெரியாது, பேசிப் பார்ப்போம் என்பதுதான் அவர் நிலை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பது வேறு, குற்றமே செய்யவில்லை என்பது வேறு. கட்சிக்காரன் விடுதலையானதும் கோர்ட் வாசலில் அவன் அம்மா, "ஐயா, எம்புள்ள செய்யலைன்னு ஜட்ஜையா சொல்லிட்டாரா?" என்று கேட்பார். 'சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து' என்ற வரியை அவருக்கு விளக்குவது கஷ்டம். (கோர்ட் தமிழில் 'எதிரி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்.) கடைசிவரை படித்தாலும் உண்மையான கொலையாளி யார் என்று இந்த நாடகம் சொல்லாது. அது குறை இல்லை, ஜூரியிடம் கேட்கப்பட்ட கேள்வியே அது இல்லை.

மூன்றாவது 'பர்டன் ஆஃப் ப்ரூஃப்', நிரூபிக்கும் பொறுப்பு. பையன் செய்யவில்லை என்று யாரும் நிரூபிக்கவில்லையே என்பார் இரண்டாம் ஜூரர். நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு, குற்றம் சாட்டப்பட்டவன் வாயே திறக்க வேண்டாம் என்று எட்டாமவர் திருத்துவார். இந்தச் சிறிய உரையாடலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று சொற்களும் பிடிபட்டுவிட்டால் மற்றவை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

சாட்சி சம்பந்தமான சொற்களைக் காட்சிகளோடு சேர்த்துப் படியுங்கள். சாட்சி கூண்டில் சொல்வது 'டெஸ்டிமனி'. கீழ்வீட்டுக் கிழவர், சத்தம் கேட்டுப் பதினைந்து விநாடிக்குள் கதவைத் திறந்து, பையன் ஓடுவதைப் பார்த்ததாகச் சொல்கிறார். அவருக்கோ கால் இழுத்து இழுத்துத்தான் நடக்க முடியும். எட்டாமவர் வீட்டு வரைபடத்தை வரவழைத்து, அதே தூரத்தை அதேபோல நடந்து காட்டுகிறார். படத்தில் 41 விநாடி ஆகிறது. கோர்ட்டிலேயே பையனின் வக்கீல் இதைக் கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்பதுதான் 'க்ராஸ் எக்ஸாமினேஷன்', குறுக்கு விசாரணை. கோர்ட் நியமித்த அந்த வக்கீல் அக்கறையாகக் கேட்கவில்லை என்பது எட்டாமவரின் ஆதங்கம். ரயிலுக்கு அந்தப் பக்கமிருந்து கொலையைப் பார்த்ததாகச் சொல்லும் பெண் 'ஐ விட்னஸ்'. கத்தி ஓர் 'எக்ஸிபிட்', நம் கோர்ட்டில் எம்.ஓ., அதாவது சான்றுப் பொருள். அப்போது சினிமா பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பையன் சொல்வது 'அலிபை'.

'யுனானிமஸ்' என்றால் பன்னிரண்டு பேரும் ஒரே முடிவு. முதல் ஓட்டு 11-1. அந்த ஒருவர் ஒத்துக்கொள்ளாதவரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. மொத்த இறுக்கமும் இந்த விதியால் வருகிறது. கடைசிவரை ஒத்துப்போகாவிட்டால் 'ஹங் ஜூரி', வழக்கை வேறொரு ஜூரி முன் மறுபடி நடத்தலாம். எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. இலங்கை உயர் நீதிமன்றத்தில் ஜூரி ஏழு பேர், ஐந்துக்கு இரண்டு போதும். இந்தியாவிலும் ஜூரி இருந்தது. 1959-இல் பம்பாயில், கடற்படை அதிகாரி நானாவதி மேல் நடந்த கொலை வழக்கில் ஜூரி 8-1 என்று குற்றவாளி இல்லை என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார், அங்கே ஆயுள் தண்டனை ஆனது. அந்த வழக்கால்தான் ஜூரி ஒழிந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் சட்ட கமிஷன் 1958-லேயே ஜூரியை நீக்கச் சொல்லிவிட்டது. 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லாமல் போனது.

ஒரு விஷயத்தைப் பரீட்சையில் எழுதினால் உங்கள் விடை தனியாகத் தெரியும். அதேபோன்ற கத்தியை எட்டாமவர் வெளியே கடையில் வாங்கி வந்து மேஜையில் குத்துவார். பார்க்கும்போது சிலிர்க்கிறது, ஆனால் நிஜத்தில் அது 'ஜூரர் மிஸ்காண்டக்ட்'. கோர்ட்டில் வைக்கப்பட்ட சாட்சியத்தை மட்டுமே ஜூரி பார்க்கலாம். சொந்தமாகத் துப்பறிந்து வந்தால், அதை இரு தரப்பும் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பே இல்லாமல் போய்விடும். விஷயம் வெளியே வந்தால் நீதிபதி விசாரணையையே ரத்து செய்யலாம். 'மிஸ்ட்ரயல்' என்பது அதுதான்.