மருத்துவமனையில் சேர்த்த பிறகு பூஞ்சைத் தொற்று வந்தால் அது மருத்துவமனையின் அலட்சியம்தானா?

இதே கேள்வியை ஒரு மருத்துவரிடம் சண்டைக் குரலிலேயே கேட்டவன் நான்.

அப்பாவுக்குக் குடலில் ஓட்டை விழுந்து அறுவை சிகிச்சை நடந்தது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை. ஐசியூவில் 11ஆம் நாள், அடங்கியிருந்த காய்ச்சல் நடுக்கத்துடன் திரும்பியது. ஆன்டிபயாடிக்கை மாற்றியும் அசையவில்லை. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வந்தபோது, 'கேண்டிடா' என்றார்கள். மயிலாப்பூர் சித்தப்பா உடனே தீர்ப்பு வழங்கிவிட்டார்: "எல்லாம் அந்த ஏசியால் வந்தது."

காரணம் ஏசி இல்லை. கேண்டிடா நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் சாதுவாகக் குடியிருக்கும் பூஞ்சை. அதை அடக்கி வைப்பவை அங்கேயே வாழும் பாக்டீரியாக்கள். நாள்கணக்கில் ஏற்றிய ஆன்டிபயாடிக் அந்தக் காவலையும் சேர்த்து அழித்துவிடுகிறது. போதாததற்குக் குடலிலேயே ஓட்டை. கழுத்து நரம்பில் சென்ட்ரல் லைன் என்கிற மருந்து ஏற்றும் குழாய். ரத்தத்துக்குள் போய்விட்ட பூஞ்சை அந்தக் குழாயின் உட்சுவரில் பாசிபோல் படலம் கட்டும். படலத்துக்குள் மருந்து எளிதில் இறங்காது. அதனால் முதல் வேலையாகக் குழாயை எடுத்தார்கள். பூஞ்சையைக் கொல்லும் காஸ்போஃபங்கின் ஊசி தினம் ஒன்று. 14 நாள் என்றார்கள். அந்தக் கணக்கு ஊசி போட்ட நாளிலிருந்து அல்ல, ரத்தத்தில் பூஞ்சை இல்லை என்று கல்ச்சர் சொன்ன நாளிலிருந்து. நடுவே கண் மருத்துவர் வந்து நின்றார். காய்ச்சலுக்குக் கண் மருத்துவர் எதற்கு என்று அம்மா பயந்துபோனார். பூஞ்சை ரத்தத்தோடு போய் விழித்திரையில் தங்கிவிடுமாம்.

அப்படியானால் மருத்துவமனைகள் மேல் பழியே இல்லையா? உண்டு. கேண்டிடா ஆரிஸ் என்று ஒன்று இருக்கிறது. 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து அடையாளம் கண்டதால் அந்தப் பெயர். 'ஆரிஸ்' என்றால் லத்தீனில் காது. இது கட்டில் கம்பியிலும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த நோயாளிக்குத் தாவும். வழக்கமான பூஞ்சை மருந்தான ஃப்ளுகோனசோல் பெரும்பாலும் எடுபடாது. ஏனோதானோ என்று துடைத்தாலும் போகாது, குளோரின் கலந்த கரைசல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் மிக ஆபத்தான பூஞ்சைகள் என்று வரிசைப்படுத்திய நான்கில் இதுவும் ஒன்று. இது வார்டில் பரவினால் நான் மருத்துவமனையைத்தான் கேட்பேன். 2021இல் நாம் பயந்த கருப்புப் பூஞ்சை வேறு. காற்றில் இருக்கும் வித்துகள், கட்டுக்கடங்காத சர்க்கரை, ஸ்டீராய்டு என்று அதன் வழியே தனி.

அப்பாவுக்கு வந்தது ஆரிஸ் இல்லை. அவருடைய சொந்தப் பூஞ்சைதான். ஆனாலும் ஒன்று என்னை அறுக்கிறது. 8ஆம் நாளிலிருந்தே அவர் கஞ்சி குடிக்கத் தொடங்கியிருந்தார். மருந்துக்குக் கை நரம்பே போதும் என்ற நிலை. கழுத்து லைன் மட்டும் அப்படியே கிடந்தது. அதை ஏன் அவ்வளவு நாள் வைத்திருந்தீர்கள் என்று பிறகு கேட்டபோது அந்த மருத்துவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முன்னமே எடுத்திருக்கலாம்" என்றார்.

அம்மா திருநீறு பூசப் போனபோதெல்லாம், கையில் மருந்து தடவாமல் நர்ஸ் அவரைக் கிட்டேயே விட்டதில்லை. அவ்வளவு கறார். அதே கழுத்துப் பிளாஸ்திரியின் மேல், லைன் போட்ட தேதி நீலப் பேனாவில் எழுதியிருந்தது. பார்க்கும் நேரத்தில் தினமும் நானும் அதைப் படித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.