சித்திரை வெயிலில் ரோஜா வாங்கலாமா?

கேள்வி: ஏப்ரல் கடைசியில் நர்சரியில் பூவும் மொட்டுமாக இருந்த ரோஜாச் செடியை வாங்கி, மொட்டைமாடியில் பெரிய தொட்டிக்கு மாற்றினேன். தினமும் தண்ணீர் விட்டும் மொட்டு உதிர்ந்து இலை காய்ந்துவிட்டது. கடையில் கேட்டால், பில்லில் உள்ள 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரியைக் காட்டுகிறார்கள். பணம் கிடைக்குமா? - திருச்சி வாசகி

பதில்: முதலில் செடிக்கு உயிர் இருக்கிறதா பாருங்கள். தண்டை நகத்தால் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். தெரிந்தால், வேரோடு வந்த மண்ணுருண்டையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஓசூர், பெங்களூரு பக்கமிருந்து வரும் ரோஜாக்கள் பெரும்பாலும் கறுப்புக் கவரில், செம்மண் உருண்டையோடு வருகின்றன. அது ஒருமுறை காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். அப்புறம் நீங்கள் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் சுற்றியுள்ள கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவை வழியாகவே கீழே ஓடிவிடும். தொட்டி ஈரமாக இருக்கும், நடுவில் வேர் காய்ந்துகொண்டிருக்கும். உருண்டையில் மெல்லிய குச்சியால் நாலைந்து இடத்தில் துளை போட்டு, நின்று நிதானமாகத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த கிளைகளை வெட்டி, மிச்சமுள்ள மொட்டையும் கிள்ளிவிட்டு, காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் வையுங்கள். ஒட்டுக்கு, அதாவது அடிச்செடியில் நல்ல ரகத்தை ஒட்டவைத்த இடத்துக்கு, கீழிருந்து மட்டும் துளிர் வந்தால் ஆசைப்பட வேண்டாம். அது அடிச்செடியின் துளிர். நீங்கள் காசு கொடுத்த ரகம் போய்விட்டது.

பணத்துக்கு வருவோம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. ஆக, அந்த ஒரு வரியை அச்சடித்துவிட்டதாலேயே கடைக்காரர் தப்பிவிட முடியாது. ஆனால் வாங்கும்போதே செடியில் குறை இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டுமே! மாடி வெயிலில் வாடிய செடிக்கு அது கஷ்டம். மஞ்சள் என்று சொல்லிக் கொடுத்தது சிவப்பாகப் பூத்தாலோ, கவரைப் பிரித்ததும் வேர் அழுகியிருந்து அன்றே படம் எடுத்திருந்தாலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தாராளமாகப் புகார் சொல்லலாம். உங்கள் விஷயத்தில், கடைக்காரரிடம் தன்மையாகப் பேசி, மழை தொடங்கியதும் மாற்றுச் செடி கேட்பதுதான் நடக்கிற காரியம்.

என்னைக் கேட்டால், அக்னி நட்சத்திரம் முடியும்வரை ஒட்டு ரோஜா வாங்கவே வேண்டாம். ஆசை விடவில்லையென்றால் பன்னீர் ரோஜா, எட்வர்ட் ரோஜா வாங்குங்கள். நம் வெயிலைத் தாங்கும். அதிலும் பூ நிறைந்த செடியை விட்டுவிட்டு, புதுத்துளிர் உள்ளதாக எடுங்கள்.

கேள்வி: நிழல்வலையில் 50 சதவீதம், 75 சதவீதம் என்று விற்கிறார்கள். எது வாங்குவது?

பதில்: பூச்செடிக்கு 50 போதும். அந்த எண், வலை மறைக்கிற வெளிச்சத்தின் அளவு. 75 கட்டினால் இலை தளதளவென்று வரும், பூ வராது. மல்லி, செம்பருத்தி, அரளி, காகிதப்பூ ஆகியவை தரையில் வேரூன்றி நின்றால் வலையே வேண்டாம். புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். மலிவு வலை சீக்கிரமே நார் நாராகப் பிரிந்துவிடும். செடிமேல் போர்த்தாமல், காற்று புகும்படி தலைக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள்.

கேள்வி: மல்லி கொத்துக் கொத்தாகப் பூக்க ஒரு 'டானிக்' ஆன்லைனில் விற்கிறது. வாங்கலாமா?

பதில்: பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறதா? தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த மாதம், நிகர அளவு, அதிகபட்ச விலை எல்லாம் இருக்கிறதா? இல்லையென்றால் தொடாதீர்கள். குண்டுமல்லிக்குப் பங்குனி முதல் ஆனி வரை இயல்பாகவே பூக்கிற காலம். இப்போது எதை ஊற்றினாலும் பூக்கும், பெயர் டானிக்குக்குப் போகும். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் நுனிகளைக் கிள்ளி, இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு, காலையில் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த மண்ணில் ரசாயன உரம் போட்டால் வேர் கருகும். கிளைகளை நன்றாக வெட்டிவிடுகிற பெரிய கவாத்தெல்லாம் கார்த்திகையில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: செடி, தொட்டி, உரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள். சரியா?

பதில்: உயிருள்ள செடிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பிளாஸ்டிக் தொட்டிக்கு உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாகப் போட்டுப் புது பில் கேளுங்கள்.