மகளை ஏன் வலது பக்கம் படுக்க வைத்தீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 36, ஐ.டி. வேலை. மூன்று வாரத்துக்கு முன் நண்பர்களோடு அந்தமான் ஹேவ்லாக்கில் ஸ்கூபா டைவிங் போனேன். சளி இருந்ததால் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினேன். கொஞ்ச ஆழத்திலேயே இடது காது வலித்தது. மூக்கைப் பிடித்துப் பலமாக ஊதினேன், 'டப்' என்று திறந்தது. அன்றிலிருந்து அந்தக் காதில் அடைப்பு, 'கொய்ங்' என்று சத்தம். தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். ஐந்து வயது மகள் இரவில் கதை பேசிக்கொண்டே தூங்குவாள். இப்போது அவளை வலது பக்கம் படுக்க வைத்துக்கொள்கிறேன், மற்றபடி பிரச்சினை இல்லை. டிசம்பரில் அடுத்தகட்டப் பயிற்சிக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டேன். மனைவி பயந்த சுபாவம். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அதற்கு வழி என்னிடம் இல்லை தம்பி. இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

'மற்றபடி பிரச்சினை இல்லை' என்பதற்கு முன்னால், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் நிற்கிறேன். மகள் பேசுவது இடது காதில் விழவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் டாக்டரிடம் ஓடவில்லை. குழந்தையின் தலையணையை எடுத்து அந்தப் பக்கம் போட்டீர்கள். "ஏம்ப்பா இந்தப் பக்கம்?" என்று அவள் கேட்டிருப்பாளே, என்ன சொன்னீர்கள்? காது கேட்காதது மனைவிக்குத் தெரியும் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர் பயந்த சுபாவம் என்கிறீர்கள். எனக்கென்னவோ பயம் உங்களுக்குத்தான் என்று படுகிறது.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அதைச் சமன் செய்ய, மூக்கின் பின்னாலிருந்து போகும் சிறு குழாய் வழியாக நடுக்காதுக்குக் காற்று போக வேண்டும். சளியில் குழாய் வீங்கியிருந்தால் செவிப்பறை உள்ளே இழுபட்டு, நீரோ ரத்தமோ கசியும். ஸ்கூபாவில் அடிக்கடி வரும் காயம் இது; பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். உங்கள் நண்பர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் அடைத்த குழாயோடு முக்கி ஊதினால், அந்த வேகத்தில் உள்காதை ஒட்டிய மெல்லிய சவ்வு கிழியவும் கூடும். கேட்கும் திறனே நிரந்தரமாகப் போகக்கூடிய இடம் அது. போதாக்குறைக்கு, சளி மாத்திரையின் வேகம் தண்ணீருக்குள்ளேயே தீர்ந்துவிட்டால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

உங்களுக்கு எது என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது. இ.என்.டி. டாக்டர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்து, எந்தக் காதில் சத்தம் அதிகம் என்று கேட்பார். அடைத்த காதில் அதிகம் என்றால் பெரும்பாலும் நடுக்காது. நல்ல காதில் அதிகம் என்றால் உள்காதைச் சந்தேகிப்பார், கேட்கும் திறனை அளக்க ஆடியோகிராம் எடுப்பார். கேட்கும் திறன் திடீரென்று போனால் ஸ்டீராய்டை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. அந்த இரண்டு வாரத்தைத் தலையணை மாற்றிக் கழித்துவிட்டீர்கள்.

ஸ்கூபாவை நான் குறை சொல்லவில்லை. சளி இல்லாத நாளாகப் பார்த்து, வலிக்கும் முன்பே காதைச் சமன் செய்து, மெதுவாக இறங்கி, திறக்காவிட்டால் கௌரவம் பார்க்காமல் மேலே வந்துவிடுபவர்கள் பல வருடம் டைவ் செய்கிறார்கள். தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்கள் வலியோடு இறங்கினால் அது வயிற்றுப்பாடு. உங்களை யார் துரத்தினார்கள்? திரும்பி வந்திருந்தால் ஒரு டைவ் காசு போயிருக்கும், அவ்வளவுதான்.

கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்ற பிறகு உடம்பு நம் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை என்பது என் கட்சி. பத்தாம்பசலி என்று சொல்லிக்கொள்ளுங்கள். காது போனால் அந்த வீட்டில் எல்லோரும்தான் கத்திப் பேச வேண்டியிருக்கும்.

இன்று இரவே மனைவியிடம் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். நாளை காலை அவரையும் கூட்டிக்கொண்டு இ.என்.டி. டாக்டரிடம் போங்கள், சளி மாத்திரை, முக்கி ஊதியது இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவரை மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள், கனமான எதையும் தூக்காதீர்கள், கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றாதீர்கள். தலை சுற்றினால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். டிசம்பர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் போகட்டும்.