பழைய மெயிலைப் புது கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவது: கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால் புது மெஷின் வாங்கியவர்களின் கேள்விகளே அதிகம். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: மெயில் புரோகிராமை மூடிவிட்டுக் காப்பி எடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்த காப்பியை நம்ப முடியாது.

ஈரோடு, ஜவுளி அலுவலகம்: தண்டர்பேர்டு மெயில் புரோகிராம், பாப் அக்கவுன்ட் (மெயிலைச் சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை), 2009-லிருந்து 14 ஜிபி மெயில். உள்ளேயே இருக்கும் எக்ஸ்போர்ட் ஒத்துக்கொள்ளவில்லை சார்.

அந்த எக்ஸ்போர்ட் ஜிப் கோப்பாகத் தருவது 2 ஜிபி வரைதான். மெயிலும் செட்டிங்ஸும் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரை நீங்களே காப்பி செய்ய வேண்டும். முதலில் ஃபைல் மெனுவில் காம்பாக்ட் ஃபோல்டர்ஸ் கொடுங்கள். அழித்த மெயிலெல்லாம் காம்பாக்ட் செய்யும்வரை கோப்புக்குள்ளேயேதான் கிடக்கும். 14 ஜிபி கணிசமாக இறங்கலாம். பிறகு ஹெல்ப், ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன், ஓப்பன் ஃபோல்டர். ஃபோல்டர் திறந்ததும் தண்டர்பேர்டை மூடிவிட்டு, உள்ளே இருப்பதை முழுதாகக் காப்பி எடுங்கள்.

புது மெஷினில் அதே வெர்ஷனையோ புதியதையோ போடுங்கள். பழைய வெர்ஷன் புதிய ப்ரொஃபைலைத் திறக்க மறுக்கும். ஒருமுறை திறந்து, அக்கவுன்ட் எதுவும் போடாமல் மூடுங்கள். அங்கே உருவான ப்ரொஃபைல் ஃபோல்டரைக் காலிசெய்து, பழையதின் உள்ளடக்கத்தை அதற்குள் ஒட்டுங்கள். ஃபோல்டரையே உள்ளே போட்டுவிட்டு "ஒன்றும் தெரியவில்லை" என்பவர்கள்தான் அதிகம்.

இடறும் இடம் மூன்று. பென் டிரைவின் ஃபார்மேட் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பு ஏறாது. தண்டர்பேர்டில் ஒரு மெயில் ஃபோல்டர் முழுவதும் ஒரே கோப்பு, ஆகவே இன்பாக்ஸ்தான் முதலில் மாட்டும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, 'பாப்ஸ்டேட்' என்ற சின்னக் கோப்பு. எதையெல்லாம் இறக்கியாயிற்று என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. அது விட்டுப்போனால் சர்வரில் மிச்சமிருக்கும் மெயிலெல்லாம் மறுபடி இறங்கி இரட்டிப்பாகும். மூன்றாவது, மெயிலை டி டிரைவில் வைத்திருந்தால் அது ப்ரொஃபைலுக்குள் இருக்காது. சர்வர் செட்டிங்ஸில் லோக்கல் டைரக்டரி எங்கே காட்டுகிறது என்று பார்த்து, அதையும் எடுங்கள்.

திருச்சி: அவுட்லுக்கின் ஓஎஸ்டி கோப்பைப் பென் டிரைவில் எடுத்துவந்தேன். புது லேப்டாப்பில் திறக்கவில்லை.

திறக்காது. ஓஎஸ்டி என்பது சர்வரில் இருப்பதன் பிரதி. அந்தக் கம்ப்யூட்டரில், அந்த அக்கவுன்ட்டோடு மட்டும் ஒட்டியது. புது லேப்டாப்பில் அக்கவுன்டைச் சேர்த்தால் சர்வரிலிருந்து புதிதாக உருவாகிவிடும். "இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்" என்று குறிப்பிட்ட ஃபோல்டர் இருந்தால் பழைய மெஷினிலேயே ஃபைல், ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட் வழியாகப் பிஎஸ்டி (வேறு கம்ப்யூட்டரிலும் திறக்கும் அவுட்லுக் கோப்பு) ஆக எடுங்கள். அதில் சிக்னேச்சர், ரூல்ஸ் வராது. அவுட்லுக் 2003-க்கு முந்தைய வெர்ஷனின் பிஎஸ்டி என்றால் 2 ஜிபிதான் எல்லை. அதை முட்டிய கோப்பு கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

பெயரில்லாதவர்: ஓஎஸ்டி டு பிஎஸ்டி ஃப்ரீ கன்வர்ட்டர் லிங்க் ப்ளீஸ்.

மேலே படியுங்கள். மெயிலையெல்லாம் முன்பின் தெரியாத வெப்சைட்டில் ஏற்றாதீர்கள்.

மதுரை: ஜிமெயிலை பிரவுசரில் மட்டும் பார்க்கிறேன். என்ன செய்ய வேண்டும்?

மாற்றுவதற்கு ஒன்றுமில்லை, லாகின் செய்தால் போதும். பேக்கப் வேண்டுமென்றால் கூகுள் டேக்அவுட்டில் எம்பாக்ஸ் கோப்பாக (மெயிலெல்லாம் சேர்ந்த ஒரே கோப்பு) கிடைக்கும்.

கோவை: கூகுளிலேயே இருக்கும்போது பேக்கப் எதற்கு? தண்டர்பேர்டில் ஐமேப் போட்டிருக்கிறேன், வீட்டிலும் ஒரு பிரதி ஆயிற்றே.

ஆகவில்லை. ஐமேப் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைக்கிற ஏற்பாடு. அக்கவுன்ட்டில் யாரோ நுழைந்து மொத்தத்தையும் அழித்தால், அடுத்த முறை தண்டர்பேர்டைத் திறக்கும்போது அங்கேயும் போய்விடும். இரண்டு வருடம் தொடாத அக்கவுன்ட்டைக் கூகுள் நீக்கலாம் என்பதும் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை.

கோவை: வாராவாரம் ப்ரொஃபைலை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுக்கிறேன். அப்போதுமா?

அது பேக்கப்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "மெசேஜ்களை இந்தக் கம்ப்யூட்டரில் வை" என்ற டிக் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டிஸ்க்கில் பெரும்பாலும் தலைப்புகள்தான் இருக்கும். நெட்டைத் துண்டித்துவிட்டு 5 வருடப் பழைய மெயில் ஒன்றை அட்டாச்மென்ட்டோடு திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

சேலம்: இந்த வம்பே வேண்டாமென்றுதான் பாப்.

பாப்பில் "சர்வரில் விட்டுவை" டிக் இல்லாவிட்டால் உலகத்திலேயே ஒரே பிரதி உங்கள் ஹார்ட் டிஸ்க்கில். அதற்கு ஐமேப்பே மேல். இந்தச் சண்டை போதும், கீழே ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சை: 2001 வாக்கில் வந்த கடிதங்கள் அவுட்லுக் எக்ஸ்பிரஸில் உள்ளன. தமிழ் எல்லாம் புரியாத எழுத்தாகத் தெரிகிறது. மீட்க வழி உண்டா?

உண்டு ஐயா. இரண்டு வேலை, இரண்டையும் கலக்காமல் செய்ய வேண்டும்.

முதலில் மெயிலை வெளியே எடுப்பது. எக்ஸ்பி மெஷின் இன்னும் ஓடினால், அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஒரு ஃபோல்டரின் கடிதங்களை எல்லாம் தேர்ந்து, டெஸ்க்டாப்பில் உள்ள காலி ஃபோல்டருக்குள் இழுத்துப் போடுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி இஎம்எல் கோப்பாகும். மெஷின் போய், அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயிலைச் சேமிக்கும் டிபிஎக்ஸ் கோப்புகள் மட்டும் மிஞ்சியிருந்தால் 'அன்டிபிஎக்ஸ்' என்ற இலவச மென்பொருள் அதே வேலையைச் செய்யும். இஎம்எல்லைத் தண்டர்பேர்டுக்குள் கொண்டுவர 'இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி' ஆட்-ஆன்.

அடுத்து எழுத்து. இன்று எல்லா இடத்திலும் உள்ள யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கம் (எழுத்தைக் கம்ப்யூட்டரில் எண்ணாக வைக்கும் முறை) எது என்பதைப் பார்வையிலேயே ஓரளவு பிரிக்கலாம். சாதாரண ஆங்கில எழுத்தும் நடுநடுவே அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் பெரும்பாலும் பாமினி. இலங்கை நண்பர்களின் கடிதத்தில் அதிகம். தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக இருந்தால் டிஸ்கி, அல்லது தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி 1999-ல் அரசு தரமாக்கிய டாம், டேப். இதில் ஆங்கிலச் சொற்கள் நடுவில் ஒழுங்காகத் தெரிகிற கடிதம் டிஸ்கி அல்லது டேப். ஒரு பத்தியைக் காப்பி செய்து என்எச்எம் கன்வர்ட்டர் என்ற குறியாக்கம் மாற்றும் மென்பொருளில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சரியானதைத் தொட்டவுடன் தமிழ் வந்துவிடும்.

இஎம்எல் கோப்பை மட்டும் நோட்பேடில் திறந்து சேவ் செய்யாதீர்கள். மூல பைட்டுகள் மாறிவிட்டால் எந்தக் கன்வர்ட்டராலும் ஆகாது. மாற்றிய தமிழைத் தனிக் கோப்பில் வையுங்கள், மூலத்தை அப்படியே விடுங்கள். வெறும் கேள்விக்குறியாக நிற்கும் இடங்கள் வழியிலேயே தொலைந்தவை. எழுதியவரின் சென்ட் ஐட்டம்ஸில் இருந்தால்தான் உண்டு.

ஓசூர்: நாளைக்கு எக்ஸ்சேஞ்சில் பழைய லேப்டாப்பைக் கொடுக்கிறேன். இன்றிரவு காப்பி செய்தால் போதுமா?

போதாது தம்பி. ஒரு மாதம் புது மெஷினில் ஓட்டிப் பார்க்காமல் பழையதைக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில்லாதவர்: ஓஎஸ்டி ஃபைல் ஓப்பன் ஆகலை, ஹெல்ப்.

திருச்சிக்காரருக்குச் சொன்னதுதான்.

நெல்லை: தண்டர்பேர்டு மாற்றினேன், மெயில் வந்தது, பாஸ்வேர்டு மட்டும் கேட்கிறது.

'லாகின்ஸ்' கோப்பும் 'கீ4' கோப்பும் ஜோடியாக வரவேண்டும், ஒன்று விட்டுப்போயிருக்கும். ஜிமெயில் என்றால் அதைத் தேடி அலைய வேண்டாம். சர்வர் செட்டிங்ஸில் ஆதென்டிகேஷனை ஓஆத்2 என்று வைத்து, மறுபடி ஒருமுறை சைன்-இன் செய்துவிடுங்கள்.