திசை தப்பிய இரண்டு விண்கலங்கள் வழியில் சந்திக்குமா? – கேள்வி பதில்

கேள்வி: ‘ஸ்டார் டிரெக்: வாயேஜர்’ தொடரில், பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டுக்கு அப்பால் தூக்கியெறியப்பட்ட கப்பல், ஊர் திரும்பும் வழியில் ‘ஈக்வினாக்ஸ்’ என்ற இன்னொரு பூமிக் கப்பலைப் பார்க்கிறது. இவ்வளவு பெரிய பால்வழியில் இது நடக்கிற காரியமா சார்?

பதில்: பலர் நினைப்பதைவிட நியாயமான கற்பனை அது. இரண்டு கப்பலையும் இழுத்து வந்தது ஒரே சக்தி. இரண்டுக்கும் போய்ச் சேர வேண்டிய இடம் பூமி. புறப்பட்ட இடமும் சேரும் இடமும் ஒன்று என்றால், பால்வழி முழுக்கத் தேட வேண்டியதில்லை, ஒரு கோட்டை ஒட்டித் தேடினால் போதும்.

ஆனால் அந்தக் கோடு மெல்லிய கோடு அல்ல. ஒரு கப்பல் ஒரே ஒரு டிகிரி விலகிப் போனாலும், 35,000 ஒளியாண்டு கடந்தபின், அதாவது பாதி வழியில், இரண்டுக்கும் நடுவே 600 ஒளியாண்டு இடைவெளி விழுந்துவிடும். அதற்குள் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் இருக்கும். ஒரே பாதை என்பது சந்திப்புக்குத் தேவைதான், அது மட்டும் போதாது.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. ஈக்வினாக்ஸ் சின்ன ஆய்வுக் கப்பல், வேகமும் குறைவு. அது எப்படி இவ்வளவு தூரம் வந்தது? அதற்கான விடை, வேற்றுயிர்களைக் கொன்று எரிபொருளாக்கியது. நம்ப முடியாத இடம் எதுவோ அதையே கதையின் குற்றமாக்கிவிட்டார்கள். 1999-இல் வந்த இரண்டு பகுதிக் கதை அது.

கேள்வி: பக்கத்தில் வந்தால் ரேடியோவில் கூப்பிட்டுக்கொள்ள மாட்டார்களா?

பதில்: இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 70,000 ஒளியாண்டைக் கடக்க 75 வருடம் என்பது வாயேஜரின் கணக்கு. வருடத்துக்குச் சுமார் 930 ஒளியாண்டு. ரேடியோ அலையோ வருடத்துக்கு ஒரே ஒரு ஒளியாண்டுதான் போகும். கப்பல் தன் குரலையே பின்னால் விட்டுவிட்டு ஓடுகிறது! ஒரு வருடமாக அபாயக்குரல் கொடுத்தாலும், ஒரு ஒளியாண்டு தூரத்துக்குள் இருப்பவருக்குத்தான் அது எட்டியிருக்கும். அதனால்தான் ஒளியை மிஞ்சும் கப்பலை வைக்கிற கதை, ஒளியை மிஞ்சும் செய்தித்தொடர்பையும் சேர்த்தே வைக்க வேண்டியிருக்கிறது. முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதை மறந்த கையெழுத்துப் பிரதிகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் கதையில் ஒளியை மிஞ்சுகிற வேகமே கிடையாது. ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்குதான். எதிரெதிரே வரும் கப்பல்கள் சந்திக்கலாமா?

பதில்: பார்க்கலாம், சந்திக்க முடியாது. எதிரெதிரே வந்தால் நொடிக்கு 60,000 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போவார்கள். பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தூரம் ஆறரை நொடிக்குள் முடிந்துவிடும். இரண்டும் ஊர் திரும்பும் கப்பல்களாக, ஒரே திசையில் போகிறவையாக வையுங்கள். வேக வித்தியாசத்தையும் மிகச் சிறிதாக வையுங்கள். ஒளிவேகத்தில் ஒரு சதவீதம் வித்தியாசம் இருந்தாலே நொடிக்கு 3,000 கிலோமீட்டர் ஈடுகட்ட வேண்டும். அந்த எரிபொருளைச் செலவழிப்பதா வேண்டாமா என்று கப்பலில் நடக்கும் வாக்குவாதமே ஒரு நல்ல அத்தியாயம்.

கேள்வி: நிஜத்தில் இப்படி நடந்திருக்கிறதா?

பதில்: கடலில் நடந்திருக்கிறது. 1802 ஏப்ரல் 8. ஆஸ்திரேலியாவின் தென்கரையை வரைபடமாக்கிக்கொண்டு மேற்கிலிருந்து வந்தார் ஆங்கிலேயர் ஃபிளிண்டர்ஸ். பாய்மர உச்சியில் இருந்தவர், முன்னால் ஒரு வெள்ளைப் பாறை தெரிகிறது என்றார். நெருங்கிப் பார்த்தால் அது கிழக்கிலிருந்து வரும் பிரெஞ்சுக்காரர் போதானின் கப்பல். நாடுகளுக்குள் போர் முடிந்து சமாதானம் ஆன செய்தி இருவருக்குமே தெரியாது. ஃபிளிண்டர்ஸ் சண்டைக்குத் தயாராகிவிட்டுத்தான் பேசப் போனார். அந்த இடத்துக்கு இன்றும் ‘என்கவுன்டர் பே’ என்றுதான் பெயர். இரண்டு பேரும் வரைய வந்தது ஒரே கரையை. அதைவிட்டு விலக இருவராலும் முடியாது. அதனால்தான் சந்தித்தார்கள்.

இதைவிட உங்களுக்கு உதவக்கூடியது பிரிட்டிஷ் கப்பல் தலைவர் மெக்ளூரின் கதை. காணாமல் போன கடற்பயணி ஃபிராங்க்ளினைத் தேடி ஆர்க்டிக்குக்குள் போன அவருடைய கப்பல், 1851-இல் பேங்க்ஸ் தீவின் ஒரு விரிகுடாவில் பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொண்டது. 1852 ஏப்ரலில் அவர் பனிச்சறுக்கு வண்டியில் மெல்வில் தீவின் விண்டர் ஹார்பருக்குப் போனார். 1819-20 குளிர்காலத்தை பாரி என்ற முந்தைய ஆர்க்டிக் கடற்பயணி கழித்த இடம் அது. அந்தப் பக்கம் வரும் எந்த மாலுமியும் எட்டிப் பார்க்கக்கூடியது. தான் இருக்கும் இடத்தை எழுதி அங்கே வைத்துவிட்டுத் திரும்பினார். அதே வருடம் கிழக்கிலிருந்து வந்த ‘ரெசல்யூட்’ கப்பலின் ஆட்கள் அந்தக் கடிதத்தை எடுத்தார்கள். 1853 ஏப்ரல் 6 அன்று, முந்தின நாள் இறந்த ஒருவருக்கு உறைந்த மண்ணில் எப்படிக் குழி தோண்டுவது என்று மெக்ளூர் பேசிக்கொண்டு நடந்தபோது, தூரத்தில் ஓர் ஆள் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். விளக்குப் புகையில் முகமெல்லாம் கறுத்திருந்தது. ரெசல்யூட்டிலிருந்து பனிச்சறுக்கு வண்டியோடு வந்த பிம் என்ற அதிகாரி அவர்.

கேள்வி: விண்வெளியில் அப்படி ஒரு விண்டர் ஹார்பர் எது அண்ணா? பனிக்கட்டி கிடைக்கும் இடம் என்று வைக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. பனிக்கட்டி ஏறக்குறைய எல்லா நட்சத்திரத்தைச் சுற்றியும் கிடைக்கக்கூடியது, அது யாரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவராது. பேசிவைக்காமலேயே இருவரும் போய் நிற்கக்கூடிய இடம் எது என்ற கேள்வியைப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1960-இல் வந்த தன் நூலில் அலசினார். அதற்கு விடை, எல்லாருக்கும் தனித்துத் தெரிகிற இடம். பால்வழியில் ஒரே பாதையில் போகும் இருவருக்கும் அப்படித் தெரியக்கூடியவை பல்சார்கள், அதாவது வேகமாகச் சுழன்றபடி சீரான இடைவெளியில் துடிக்கிற இறந்த நட்சத்திரங்கள். விண்கலம் தன் இடத்தைக் கணிக்க எக்ஸ்ரே பல்சார்களைப் பயன்படுத்தலாம் என்பதை 2017-இல் நாசா விண்வெளி நிலையத்திலிருந்து செய்தே காட்டியது. வழிகாட்டிக்கொண்டு வருகிற பல்சார்களில் உங்கள் பாதைக்கு மிக அருகே வருவது எதுவோ, அதுவே உங்கள் துறைமுகம்.

கேள்வி: அங்கே எத்தனை வருடம் காத்திருப்பது?

பதில்: காத்திருக்க வேண்டாம். மெக்ளூர் செய்தது போலக் கடிதம் வைத்துவிட்டுப் போகலாம். ஆட்களைவிடக் கடிதம் சந்திப்பது பல மடங்கு நம்பக்கூடியது.

கேள்வி: கடிதத்தில் தேதி எப்படிப் போடுவது? இரண்டு கப்பலின் கடிகாரமும் ஒத்துப்போகாதே?

பதில்: ஒத்துப்போகாது. ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கில் போனாலே, பூமியில் நூறு வருடம் ஆகும்போது கப்பலின் கடிகாரம் ஆறு மாதம் பின்தங்கியிருக்கும். அதனால் அந்தப் பல்சாரின் அப்போதைய துடிப்பு இடைவெளியை எழுதிவிடுங்கள். பல்சார்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைபவை. நண்டு நெபுலாவில் இருப்பது 33 மில்லிவினாடிக்கு ஒருமுறை துடிக்கிறது, அந்த இடைவெளி நாளுக்குச் சுமார் 36 நானோவினாடி கூடுகிறது. படிப்பவரும் அதே இடத்தில் நின்று அளப்பதால் ஒளி வந்துசேரும் நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை. எத்தனை நாள் முன்னால் எழுதியது என்று அவர் கணக்குப் போட்டுவிடுவார். 1972-இல் பயனியர் 10 விண்கலம் கொண்டுபோன தகட்டில் 14 பல்சார்களின் துடிப்பைப் பொறித்ததும் இதே யோசனையில்தான்.