உள் பேரிங்கைத் தட்டி எடுக்கலாமா?

வணக்கம் நண்பரே. உங்கள் 2003ஆம் ஆண்டு ஹார்லி டேவிட்சன் ட்வின் கேம் 88 எஞ்சின் வண்டியில், வால்வுகளை இயக்கும் தண்டுகளான கேம்களைக் கழற்றிய பின்னும், எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் அவற்றைத் தாங்கும் இரண்டு ஊசி பேரிங்குகளும் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்டவை) அசையவில்லை என்றும், உளி வைத்துத் தட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தட்டாதீர்கள். பேரிங் பொருந்தியிருக்கும் அலுமினியத் துளை கீறினாலோ, ஒரே ஓர் ஊசி உள்ளே விழுந்தாலோ, எஞ்சினையே பிரிக்க நேரிடலாம்.

பேரிங்கின் துளைக்குள் நுழைந்து, விரிந்து, பின்விளிம்பைப் பற்றிக்கொண்டு, திருகத் திருக நேராக இழுத்து வரும் புல்லர்தான் இதற்குரிய கருவி. விலை கட்டுப்படியாகாவிட்டால் இரவலாவது வாங்குங்கள். அதை மாட்டுமுன் ஊசிகளின் மேல் கெட்டியான கிரீஸை அப்பிவிட்டால், உதிர்பவை பெரும்பாலும் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். புதிய பேரிங்கை, எழுத்து பொறித்த முகம் உங்களைப் பார்க்கும்படி வைத்து, அம்முகத்தின் மீது மட்டும் அழுத்தம் விழுமாறு, திருகால் இயங்கும் அழுத்துகருவியைக் கொண்டு மெல்ல உள்ளே செலுத்துங்கள். சிறிது சாய்ந்தாலும் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்குவது நல்லது.

இத்தனை தூரம் பிரித்த கையோடு, கேம்களைச் சுழற்றும் சங்கிலிகளை விறைப்பாக வைத்திருக்கும் செயின் டென்ஷனர்களையும் பாருங்கள். உங்கள் ஆண்டு வண்டியில் அவை ஸ்பிரிங்கால் அழுத்தப்படும் பிளாஸ்டிக் பட்டைகள். தேய்ந்து துகள் உதிர்ந்திருந்தால் ஆயில் பம்பையும் திறந்து துடைக்காமல் மூடாதீர்கள்.